திரும்பாத துணியின் பட்டியல்

அவிநாசிபாளையம் தொடங்கி திருப்பூர் வரை, பனியன் துணி நிட்டிங், டையிங், காம்பேக்டிங் என்று பல வாசல் ஏறி இறங்கித்தான் தையலுக்கு வருகிறது. வாசலுக்கு ஒரு டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்குப் போன துணி பொதுவாக ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கொள்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு. ஆகவே 'போனது, வராதது' பட்டியல்தான் கம்பெனியின் முதன்மையான அறிக்கை என்பேன். அந்தப் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் எஸ்க்யூஎல் குவெரியை எழுதும் தம்பி, தங்கைகளே, 'நாட் இன்' வேண்டாம். வரவு டேபிளில் சலான் எண் நிரப்பாத ஒரே ஒரு வரி, அதாவது ஒரு 'நல்', இருந்தாலும் விடை வெறுமையாக வரும். பிழைச் செய்தியும் வராது. துணியெல்லாம் வந்துவிட்டதென்று முதலாளி நம்பிவிடுவார். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள், இந்த ஆபத்து இல்லை. பேக்கப்பும் இதே போலச் சத்தமில்லாமல் கைவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோதுதான், வழக்கமான பேக்கப் நடக்கவே இல்லை என்பது தெரிந்தது. சுமார் 6 மணி நேரப் பதிவுகள் போயின. இந்த மாதமே உங்கள் பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, சலான்களை எண்ணிப் பாருங்கள்.