பந்தயக் காரின் மூளையைத் தேர்ந்தெடுப்பது யார்?



கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒரு சிறிய பந்தயக் காரைக் கட்டி ஓட்டிக் காட்டும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி 1981-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் அம்முறைப் போட்டிகள் நடைபெறுகின்றன. நம் மாநிலத்திலேயே, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், எஸ். கரிவரதன் அவர்களின் பெயர் தாங்கிய ஓடுதளத்தில் ஃபார்முலா பாரத் போட்டிகள் பல ஆண்டுகள் நடந்துள்ளன. பொறியியல் படிக்கச் செல்லும் நம் மாணவியரில் சிலர் இத்தகைய குழுக்களில் சேரக்கூடும். அவர்களுக்கும், "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒரு பழைய மாணவி என்ற உரிமையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்நாளில் கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்த வேலையை இன்று ஈ.சி.யூ. என்னும் சிறு மின்னணுப் பெட்டி செய்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 10,000 முறை சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6 மில்லி வினாடிதான். அதற்குள் எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் பொறி தட்டுவது என்று அது முடிவு செய்தாக வேண்டும். மந்திரம் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது நாம் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டைப் போன்ற ஓர் அட்டவணை. 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். இந்த வேகம், இந்த அளவு காற்று என்றால் இவ்வளவு பெட்ரோல் என்று ஒவ்வொரு கட்டமும் சொல்லும்.

மோட்டார் சைக்கிளோடு வந்த பெட்டியையே வைத்துக்கொண்டால் என்ன? நம் நாட்டுக் குழுக்கள் பலவும் விரும்பும் கே.டி.எம். 390 எஞ்சினின் பழைய வடிவம் 373 சி.சி. கொள்ளளவு உடையது. பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பது போட்டி விதி. அத்துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் காற்று வராது. தொழிற்சாலையில் எழுதிய அட்டவணைக்கோ இத்துளையைப் பற்றி ஏதும் தெரியாது. வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலை ஊற்றிவிடும். ஆகவே நாமே திருத்தக்கூடிய பெட்டி தேவைப்படுகிறது.

இங்கேதான் குழுக்கள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு சாரார் மோட்டெக் போன்ற விலையுயர்ந்த பெட்டியே வேண்டும் என்பர். மறுசாரார் மெகாஸ்குவர்ட் அல்லது ஸ்பீடுயினோவின் பாகங்களை வாங்கித் தாமே பற்றவைக்கலாம் என்பர். முதல் வழியில் கருவி மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, பணம்தான் கரைந்துவிடும். இரண்டாம் வழியில் அறிவு வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சரியாகப் பற்றாத ஓர் ஈயப் பொட்டு போதும், அதிர்வில் கார் நடுவழியில் நின்றுவிடும். போட்டியின் மொத்த மதிப்பெண் 1000. அதில் 275 மதிப்பெண் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்திற்கு உரியது. அதன் நடுவே ஓட்டுநர் மாற வேண்டும், எஞ்சினை நிறுத்தி மீண்டும் கிளப்ப வேண்டும். சூடேறிய எஞ்சினைக் கிளப்புவதற்கான எண்கள் சரியாக எழுதப்படாவிட்டால், பெட்டி எவ்வளவு விலையாயினும் கார் அங்கேயே நின்றுவிடும்.

என் கருத்து இது: முதல் காரைக் கட்டும் குழு, பற்றவைத்து முடித்த, விளக்க நூல் தெளிவாக உள்ள, நடுத்தர விலைப் பெட்டி ஒன்றையே வாங்க வேண்டும். எஞ்சினில் எத்தனை சிலிண்டர், சுழற்சியை அளக்கும் சக்கரத்தில் எத்தனை பல் என்று எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்கட்டும். வடிவமைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும் நடுவர்கள் 150 மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கிறார்கள். விளம்பரப் பெயருக்கு அவர்கள் மயங்குவதில்லை. "இந்தக் கட்டத்தில் ஏன் இந்த எண்?" என்று கேட்பார்கள்.

அதற்கு விடை சொல்லப் போவது யார்? குழுவில் செலவுக் கணக்கும் அறிக்கையும் பெண்களிடம் வந்து சேரும். எஞ்சினோடு இணைத்த லேப்டாப் வேறு கைகளில் இருக்கும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்! ஒருவருக்கே புரியும் பெட்டியை வாங்கினால், அந்த ஒருவர் எழுந்து போகும்வரை மற்றவர் நாற்காலியில் அமர முடியாது. அவர் படிப்பு முடித்துச் சென்றதும் பெட்டி வெறும் தகரமாகிவிடும். எனவே எல்லோரும் படித்தறியக் கூடிய பெட்டியே வேண்டும் என்று கூட்டத்தில் வற்புறுத்துங்கள்.

ஒரு விலையுயர்ந்த பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் எளியவை இரண்டு கிடைக்குமானால் இரண்டாகவே வாங்கச் சொல்லுங்கள். ஒன்று காரில் இருக்கட்டும். மற்றொன்றை மேசை மீது வைத்து, எஞ்சின் சுழல்வதைப் போன்ற மின்துடிப்பைத் தரும் சிறு கருவியோடு இணைத்துவிட்டால், முதலாண்டு மாணவி எஞ்சினைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சமின்றி மாலை முழுதும் எண்களை மாற்றிப் பார்க்கலாம்.