மழையும் கம்பளிப்புழுவும்

வானம் பார்த்த பூமியில் கோடைமழை பெய்தால் குடியானவன் மகிழ்வது இயல்பே. ஆனால் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் நிலக்கடலை பயிரிடுவோர் அம்மழையைச் சிறிது எச்சரிக்கையோடும் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சிவப்புக் கம்பளிப்புழுவின் கூண்டுப்புழுக்கள் வரப்போரங்களிலும் மரநிழலிலும் மண்ணுக்குள் 9, 10 மாத காலம் உறங்கிக் கிடக்கின்றன. நிலம் நன்றாக நனையும்படி ஒரு மழை பெய்ததும், அடுத்த சில இரவுகளில் அவை அந்துப்பூச்சிகளாகக் கூட்டங்கூட்டமாய் வெளிப்படுகின்றன. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை இலையின் அடிப்புறத்தில் குவியலாக இடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிகிறது. பிறகு சுமார் 40 நாள் இலையைத் தின்று வளரும் புழுக்கள், ஒரு காட்டை மொட்டையாக்கியதும் படைபோல அடுத்த காட்டுக்கு நடக்கின்றன.

ஆகவே இப்பூச்சி எப்போது வரும் என்று அறியச் சோதிடம் பார்க்க வேண்டுவதில்லை. மழையே தேதி குறித்துக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு பகிரங்கமாக முன்னறிவித்துவிட்டு வரும் பகைவனிடம் மீண்டும் மீண்டும் தோற்பது நமக்குப் பெருமையன்று.

பூச்சிகள் எல்லாம் மழைக்கு ஒரே விதமாக நடப்பதில்லை என்பதையும் கூற வேண்டும். அசுவினியும் சுருள்பூச்சியும் வறட்சியில் பெருகும். பலத்த மழை பெய்தால் குறையும். உளுந்திலும் பாசிப்பயற்றிலும் மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு வெப்பமும் வறட்சியுமே உகந்தவை. துவரையும் தட்டைப்பயறும் பூக்கும் சமயத்தில் மூட்டமும் ஈரமும் நீடித்தால் புள்ளிக் காய்ப்புழு பூங்கொத்துகளைப் பிணைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். இவற்றையெல்லாம் கவனியாமல் நாள் கணக்குப் பார்த்து மருந்தடிப்பது மருந்துக் கடைக்காரருக்கு லாபமேயன்றிக் குடியானவனுக்கு அன்று.

கம்பளிப்புழுவுக்குப் பரிகாரம் புதிதன்று. கோடையில் உழுதால் கூண்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். மழைக்குப் பின் முன்னிரவில் விளக்குப்பொறி வைத்தோ தீ மூட்டியோ அந்துப்பூச்சிகளை அழிக்கலாம். முட்டைக் குவியல்களையும், பிரியாமல் ஓரிலையில் மொய்க்கும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம். புழு நடக்கத் தொடங்கிவிட்டாலோ, காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தடுப்பதுதான் வழி. வளர்ந்த புழுவை மருந்து எளிதில் கொல்வதில்லை.

ஆனால் ஒருவன் விளக்கு வைத்து, அவன் பங்காளி தூங்கினால் என்ன பிரயோஜனம்? பக்கத்துக் காட்டுப் புழு வரப்பைத் தாண்டி வந்துவிடும். 1997-ல் ஜில்லா இரண்டாகப் பிரிந்தது கூட அதற்குத் தெரியாது! இதை உணர்ந்துதான் 1919-ம் வருஷத்துச் சென்னை விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம், சர்க்கார் ஒரு பூச்சியை அறிவித்தபின் நிலத்தை அனுபவிப்போர் அதை ஒழிக்க ஏற்பாடு செய்தாக வேண்டும், தவறினால் அதிகாரிகளே செய்து செலவை வசூலிக்கலாம் என்று விதித்தது. சட்டத்தைத் தடியாக ஓங்கும்படி நாம் சொல்லவில்லை. அதிலுள்ள நியாயத்தையே வற்புறுத்துகிறோம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை அறிக்கை, வெயிலுக்குத் தக்கபடி கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று பண்ணையாளருக்குச் சொல்லுகிறது. கோழிக்குக் கிடைக்கும் இம்மரியாதை கடலைக்காட்டுக்கும் கிடைக்கட்டும். இராசிபுரம், சேந்தமங்கலம், எருமைப்பட்டிப் பக்கங்களில் கோடைமழை பெய்த மறுநாள் காலையிலேயே, இன்றிரவு விளக்கு வையுங்கள் என்ற செய்தி விவசாய இலாகாவிலிருந்து ஊர்தோறும் போய்ச்சேர வேண்டும். வீடு வீடாகச் சென்று ஆட்களைத் திரட்டுவது விவசாய சங்கத்தாரின் வேலை. தேர்தல் வந்தால் ஒரே இரவில் ஊர் முழுதும் சுவரொட்டி ஒட்டிவிடும் நமது ஊழியர்களுக்கு இது அசாத்தியமன்று. விளக்குகளும், அவற்றின் கீழே வைக்க மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தொட்டிகளும் சித்திரைக்குள் ஊர்ச்சாவடியில் தயாராக இருக்க வேண்டும்.