விமானம் ஏறினால்தான் கன்சல்டன்ட்டா?

"வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். பையன் என்ன கோர்ஸ் படித்தால் வெளிநாடு சுற்றும் வேலை கிடைக்கும்?" சாப்ட்வேர் துறையில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்த மாதம் ஜெர்மனி, அடுத்த மாதம் சிங்கப்பூர், தோளில் லேப்டாப் பை, தங்குவதற்கு நல்ல ஓட்டல். வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சில வருடங்களாக இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பறந்த மைல்களை வைத்து இந்த வேலையை மதிப்பிடாதீர்கள். அப்படி மதிப்பிடுபவர்கள்தான் எளிதில் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

அப்படி என்னதான் வேலை?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கலாம். ஒரு மளிகைக் கடையின் கணக்குக்கு அது போதும். ஆனால் பத்து ஊரில் ஆலை, இருபது ஊரில் கிடங்கு என்று இருக்கும் நிறுவனத்துக்கு, வாங்குவது, விற்பது, இருப்பு, சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். இதற்கான சாப்ட்வேரை ஈ.ஆர்.பி. என்பார்கள். இதில் பெயர் பெற்ற எஸ்.ஏ.பி. நிறுவனத்தை, ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் 1972-ல் ஜெர்மனியில் தொடங்கினார்கள்.

இந்த சாப்ட்வேர் ரெடிமேட் சட்டை மாதிரி. வாங்கும் நிறுவனத்தின் உடம்புக்கு ஏற்ப பிடித்துத் தைக்க வேண்டும். அந்தத் தையல்காரர்தான் கன்சல்டன்ட். அளவெடுக்கத்தான் அவர் நேரில் போகிறார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு உதிரிபாகக் கிடங்கு. சரக்கு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று அழகாகப் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே போய் ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் ஒரு நாள் நின்றபோது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அடிக்கடி எதையோ எழுதினார். என்ன என்று கேட்டேன். மரப் பலகைக் கணக்கு என்றார். ஐரோப்பாவில் சரக்கை அடுக்கி வரும் பலகைக்கு 1200 க்கு 800 மில்லிமீட்டர் என்று பொது அளவு உண்டு. லாரி 20 பலகையில் சரக்கு கொண்டுவந்தால், 20 காலிப் பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் அது கடன். அதற்குக் காசு உண்டு. எங்களுக்குக் கொடுத்த படத்தில் இந்தக் கணக்கே இல்லை. அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால், புது சாப்ட்வேர் வந்த மறுநாளே லாரிக்காரர்களுடன் தகராறுதான்.

எல்லாப் பயணமும் தேவையா?

தேவையில்லை. 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, பல பிராஜெக்டுகளை வீட்டிலிருந்தே வீடியோ மீட்டிங்கில் பேசி முடித்தார்கள். செட்டிங் மாற்றுவது, டெஸ்ட் செய்வது, பயிற்சி கொடுப்பது எல்லாம் இங்கிருந்தே முடியும். தொடக்கத்தில் கிடங்கைப் பார்க்கவும், புது சாப்ட்வேர் ஓடத் தொடங்கும் நாளில் பக்கத்தில் நிற்கவும் போனால் போதும் என்பது என் கருத்து. மற்றப் பயணங்களில் பாதி பழக்கத்தால் நடப்பவை.

அந்தப் பயணங்களுக்குக் கொடுக்கும் விலையும் குறைவல்ல. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு ஒன்பதுக்கு ஓட்டலுக்குத் திரும்பினால், இங்கே அதிகாலை ஒன்றரை. அம்மாவிடம் பேச முடியாது. புது சாப்ட்வேருக்கு மாறுவதைப் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வைப்பார்கள். தீபாவளியும் பொங்கலும் அவர்கள் காலண்டரில் கிடையாது.

விசாவைப் படியுங்கள்

முக்கியமான விஷயம் இது. அமெரிக்காவின் பி-1 என்ற பிசினஸ் விசாவில் மீட்டிங்கில் பேசலாம், ஒப்பந்தம் பேசலாம், மாநாட்டுக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்து புரோகிராம் எழுதும் வேலைக்கு அது இல்லை. அதற்கு எச்-1பி போன்ற வேலை விசா வேண்டும். பி-1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரில், 2013-ல் இன்போசிஸ் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தாலும், 3.4 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசுடன் சமரசம் செய்துகொண்டது. ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவிலும், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

நிறுவனம் பணம் கட்டித் தப்பிக்கலாம். ஆனால் ஏர்போர்ட்டில் அதிகாரி முன்னால் நிற்பது நீங்கள். திருப்பி அனுப்பினால் பதிவாவது உங்கள் பெயரில். அடுத்த முறை விசா கேட்கும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னையும் ஒரு முறை, இரண்டு நாள் அவகாசத்தில், பிசினஸ் விசாவில் போய் மூன்று வாரம் வேலை செய்துவிட்டு வரச் சொன்னார்கள். "இந்த விசாவில் இந்த வேலை செய்யலாமா? மெயிலில் பதில் கொடுங்கள்" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நானும் போகவில்லை. அந்த வருடம் எனக்கு வேறு பயணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி, தங்கைகள் இந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படுகிறார்கள். பயப்படாதீர்கள், வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "ஆன்சைட் நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் கோர்ஸுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். சாப்ட்வேரின் பட்டன்களை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். கணக்கும் ஸ்டோரும் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தவர்கள்தான் கிடைப்பதில்லை.

புது கம்ப்யூட்டரில் இதை முயன்று பாருங்கள். தெரிந்தவர் கடையில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்காருங்கள். சரக்கு வருவது, கடன் கொடுப்பது, பழுதான பொருளைத் திருப்பி அனுப்புவது எல்லாவற்றையும் எழுதி, எக்ஸெல்லில் ஒரு ஷீட் போடுங்கள். அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். "இதில் நம்ம பால்காரர் கணக்கு எங்கேப்பா?" என்று அவர் கேட்பார். அதைச் சேர்த்து மறுபடியும் காட்டுங்கள். அவர் தன் நோட்டை மூடிவிட்டு உங்கள் ஷீட்டைப் பயன்படுத்தத் தொடங்கினால், கன்சல்டன்ட் வேலை உங்களுக்கு வரும்.