கிணற்று நீரைச் சோதிக்க மாணவர்கள் வந்தால்..?

‘‘வேளாண் கல்லூரி மாணவர்கள் எங்கள் ஊரில் தங்கி, கிணறுகளில் தண்ணீர் மாதிரி கேட்கிறார்கள். ‘கிணறு கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டால் நிலத்தின் மதிப்பு குறைந்துவிடும்’ என்று சிலர் தடுக்கிறார்கள். மாதிரி கொடுக்கலாமா?’’

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

தாராளமாகக் கொடுக்கலாம். சோதிக்காமல் விட்டால் தண்ணீரில் கலந்தது மறைந்துவிடாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மை மாணவர்கள், இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுவது பாடத்திட்டத்திலேயே உள்ளது. அப்படி வருபவர்களுக்கு விவசாயியும் துணை நின்றால்தான் ஆய்வு உருப்படியாக இருக்கும்.

மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தேங்கிய நீர். பத்து நிமிடங்களாவது ஓடவிட்ட பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி மூட வேண்டும். நைட்ரேட் பார்ப்பதாக இருந்தால், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது நல்லது. கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் ஒரு முறை எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

கிணற்றின் ஆழம், மாட்டுக்கொட்டகையும் கழிப்பறைக் குழியும் இருக்கும் தூரம், கடைசியாக யூரியா போட்ட நாள் ஆகியவற்றை விவசாயிதான் சொல்ல முடியும். இந்த விவரங்கள் இல்லாவிட்டால், நைட்ரேட் எவ்வளவு என்று தெரியுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரில் பால் பவுடரைக் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பூத்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

அதே தண்ணீர் பயிருக்கு உரம். லிட்டருக்கு 45 மில்லி கிராம் நைட்ரேட் உள்ள நீரை ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், சுமார் 2 கிலோ தழைச்சத்து போய்ச் சேரும். பத்துத் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். வேர் எடுத்துக்கொள்ளாமல் கீழே இறங்கும் பங்கு போக, மீதியைக் கணக்கிட்டு யூரியாவைக் குறைக்கலாம். செலவும் மிச்சம்; கிணறும் மேலும் கெடாது.

நிலத்தின் மதிப்பு பற்றிய பயத்துக்கும் வழி இருக்கிறது. ஆய்வேட்டில் உரிமையாளர் பெயரையும் சர்வே எண்ணையும் போடாமல், கிணறு 1, கிணறு 2 என்று எழுதச் சொல்லலாம். ஆனால், அந்தந்தக் கிணற்றின் முடிவை அந்தந்த வீட்டாரிடம் எழுத்து மூலம் தர வேண்டும் என்பதை, பாட்டிலை நிரப்பும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்வது அவசியம்.