ஒற்றை மேற்கோளும் அயற்கூற்றும்

கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்கள் பலர் கட்டளைகளை மனனம் செய்கிறார்கள். அவை ஏன் அப்படி எழுதப்படுகின்றன என்று கேட்பதில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஐயம் மலாயில் தீர்கிறது, தமிழுக்கு மிஞ்சுவது உணவகம்தான். "மொழிக் கழக மலரில் லினக்ஸ் எதற்கு?" என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணம் அங்கே நேராகப் பயன்படுகிறது.

கிள்ளானிலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிளைகள் உள்ள ஒரு டியூஷன் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைய வகுப்பில் யாராவது நுழைய முயலும்போதெல்லாம் கணினி ஒரு வரி எழுதி வைக்கிறது: நாள், நேரம், ஊர், முடிவு. மாத இறுதியில் ஆயிரக்கணக்கான வரிகள். கிள்ளான் வரிகள் மட்டும் வேண்டும். ஊர்ப் பெயரை 'டவுன்' என்ற மாறியில் இட்டு, மூன்றாம் சொல் அதற்குச் சமமான வரிகளைக் காட்டும்படி 'ஆக்' கட்டளையிடம் சொல்கிறோம். (1977-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கியது, பெயரும் அவர்களின் முதலெழுத்துகளே.)

நாம் தட்டச்சிடுவதை முதலில் வாசித்து, ஆக்கிடம் ஒப்படைக்கும் இடையாள் ஷெல். இருவருக்கும் டாலர் குறி பொது. ஷெல்லுக்கு அது மாறியின் மதிப்பு. ஆக்குக்கு அது வரியின் இத்தனையாவது சொல்.

நேர்க்கூற்றில் "நான் நாளை வருவேன்" என்றதை அப்படியே மேற்கோளுக்குள் வைக்கிறோம். அயற்கூற்றில் 'நான்' 'தான்' ஆகிறது, 'நாளை' 'மறுநாள்' ஆகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஷெல் நேர்க்கூற்றாகவே கொண்டு சேர்க்கிறது, எதையும் மாற்றாது. இரட்டை மேற்கோள் என்றால் டாலர் சொற்களைத் தானே மாற்றிவிட்டுச் சொல்கிறது.

இரட்டை மேற்கோளில் மூன்றாம் சொல்லை அச்சிடச் சொல்லிப் பாருங்கள். 'டாலர் 3' என்பதை ஷெல் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். வழக்கமாக அதில் ஒன்றுமிராது. ஆக்குக்குப் போய்ச் சேர்வது வெறும் 'அச்சிடு'. முழு வரியும் வரும், பிழைச் செய்தி வராது. ஒற்றை மேற்கோளுக்குள் 'டாலர் டவுன்' என்று எழுதினால் இன்னும் மோசம். ஆக்குக்கு 'டவுன்' யாரென்றே தெரியாது. அதைச் சுழியமாகக் கொள்ளும். சுழியமாவது சொல் என்றால் முழு வரி. மூன்றாம் சொல் முழு வரிக்குச் சமமாகுமா? விடை வெறுமையாக வரும். கிள்ளானில் யாரும் நுழைய முயலவே இல்லை என்று நிர்வாகியிடம் அறிக்கை போய்விடும்!

சரியான வழி, '-வி' என்ற தெரிவின் மூலம் ஊரின் மதிப்பை ஆக்கிடமே தனியாகக் கொடுத்துவிட்டு, நிரலை ஒற்றை மேற்கோளில் வைப்பது. நிரலுக்குள் அந்த மாறிக்கு டாலர் வேண்டாம். மேற்கோளை இடையிலே முறித்து ஒட்டும் குறுக்கு வழியையும் சிலர் காட்டுவார்கள். எனக்கு உடன்பாடில்லை, மதிப்புக்குள் விஷமமாக ஏதேனும் இருந்தால் அதுவும் நிரலின் பகுதியாகிவிடும். 'கிரெப்' கட்டளைக்கு இவ்வளவு பாடு கிடையாது, இரட்டை மேற்கோளே போதும்.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. முத்து நெடுமாறன் போன்ற நம் நாட்டவர் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் உழைத்ததால் இன்று தமிழில் தட்டச்சிடுவது பெரிய செய்தியே அல்ல. அந்த எழுத்தைக் கொண்டு கணினியை விளக்கும் வேலை நம் தலைமுறைக்கு மீதமிருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில்தானே என்பார்கள். புரிந்தவனுக்கு எந்த மொழியில் எழுதினால் என்ன?

மேலும், சில சிக்கல்கள் நம்முடையவை மட்டுமே. மாறியின் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தாக வேண்டும், மதிப்பு தமிழாக இருக்கலாம். ஆனால் யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஆக்குக்கு வேறு வேறு. பதிவில் ஒரு விதமாகவும் மாறியில் இன்னொரு விதமாகவும் இருந்தால் கோலாலம்பூர் அகப்படவே அகப்படாது. கிள்ளானுக்கு இந்தத் தொல்லை இல்லை.