தட்டு வெறுமையாகத் திரும்பலாமா?



தீபாவளி நெருங்குகிறது. உங்களுள் பலருடைய இல்லங்களில் இந்நேரம் பட்சணத்திற்கு மாவு அரைக்கும் பேச்சு தொடங்கியிருக்கும். வேறு சில இல்லங்களிலோ, "இவ்வருடம் கடையில் வாங்கிக்கொள்வோம், அடுப்படியில் நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?" என்ற பேச்சு எழுந்திருக்கும். இந்த வாரம் அந்த இரண்டாம் வகையினருக்காகவே எழுதுகிறேன். சென்ற ஆண்டு நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆடி மாதத்தில் என் மனைவி காலமானாள். அவ்வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. துக்கம் நிகழ்ந்த வீட்டிற்கு உற்றாரும் அண்டை வீட்டாரும் பலகாரம் கொடுத்தனுப்புவது நம் பக்கத்து வழக்கமல்லவா? தெருவிலிருந்து 11 வீட்டுத் தட்டுகள் வந்தன. துக்க வீட்டிலிருந்து பதில் பலகாரம் செல்வதில்லை. ஆகவே அத்தட்டுகளைக் கழுவித் துடைத்து வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். வங்கியில் 36 ஆண்டுகள் கணக்குப் பார்த்துப் பழகிய மனம், அந்த 11 தட்டுகளையும் தீராத கடனாகக் குறித்து வைத்துக்கொண்டது.

ஆண்டு நிறைந்து மீண்டும் தீபாவளி வந்தபோது கடனைத் தீர்க்க எண்ணினேன். ஆனால், எவ்வாறு? அவள் இருந்தவரை பலகாரத் தட்டைத் தூக்கிச் செல்வது மட்டுமே என் பணி. தேன்குழலுக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்பதுகூட நான் அறியேன். துணிந்து மைசூர்ப்பாகு கிளறினேன். பதம் தவறி, வாணலியிலிருந்து கரண்டியைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எண்ணெயும் வேண்டாம், பாகும் வேண்டாம். நான் சொல்கிறபடி செய்யுங்கள்" என்றாள். பாதாம், பேரீச்சை, பொரி ஆகியவற்றிற்குச் சாக்லேட் பூசும் முறையை அவள்தான் எனக்குக் கற்பித்தாள்.

"தீபாவளித் தட்டில் சாக்லேட்டா?" என்று எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ஆயினும் யோசித்துப் பார்த்தேன். சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால், நாம் அன்றாடம் சமைக்கும் மிளகாயும் அங்கிருந்து வந்ததே. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டு இம்மரத்திற்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குத் தெய்வங்களின் உணவு என்று பொருள். கேரளத்தில் ஆலப்புழையிலுள்ள பாலமுருகன் கோயில் ஒன்றில் அடியவர்கள் சாக்லேட்டையே காணிக்கையாகச் செலுத்துகின்றனர். குழந்தை வேலன் ஏற்றுக்கொள்வதை நாம் ஏன் விலக்க வேண்டும்?

இனி செய்முறைக்கு வருகிறேன்.

கடைகளில் சமையல் சாக்லேட் இரு வகையாகக் கிடைக்கிறது. முதல் வகையில் கொக்கோ வெண்ணெய் மட்டுமே உண்டு. அதன் சுவை உயர்வு. ஆனால், 45 பாகை வரை சூடாக்கி, 27 பாகைக்கு ஆறவிட்டு, மீண்டும் 31 பாகைக்குக் கொணர்ந்தால்தான் அது பளபளப்பாக இறுகும். 'காம்பவுண்டு' எனப்படும் இரண்டாம் வகையில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கப்படுகிறது. அதை உருக்கி ஆறவிட்டாலே இறுகிவிடும். நம் ஊர் வெப்பத்திற்கும், நம்மைப் போன்ற புதியவர்களுக்கும் இரண்டாவதே ஏற்றது. எதை வாங்கினாலும் உறையில் சைவ உணவுக்குரிய பச்சைக் குறி உள்ளதா என்று கண்ணாடி அணிந்து பார்த்து வாங்குங்கள்.

கால் கிலோ பாதாமை வெறும் வாணலியில் இளந்தீயில் மணம் வரும்வரை வறுத்து, முற்றிலும் ஆறவிட வேண்டும். கால் கிலோ சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஓர் உலர்ந்த கிண்ணத்தில் இட வேண்டும். சிறிது நீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் அக்கிண்ணத்தை வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி நீரைத் தொடலாகாது. நீர் கொதித்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். முக்கால் பங்கு உருகியதும் கிண்ணத்தை இறக்கிக் கிளறினால், எஞ்சியது தன் சூட்டிலேயே உருகிவிடும். அதில் பாதாமைத் தோய்த்து, முள்கரண்டியால் எடுத்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தால் போதும். அரை மணியில் இறுகிவிடும். விதை நீக்கிய பேரீச்சையினுள் வறுத்த முந்திரி ஒன்றை வைத்து அதையும் இவ்வாறே தோய்க்கலாம்.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, நான் மூன்று முறை தவறினேன். முதல் நாள் கழுவிய கரண்டியைத் துடைக்காமல் இட்டேன். அதிலிருந்த சில துளி நீரிலேயே சாக்லேட் முழுவதும் மணல்போல் திரண்டு கட்டிப்பட்டது. அதிலுள்ள சர்க்கரை ஈரத்தை ஈர்த்துக் கொக்கோத் துகள்களோடு ஒட்டிக்கொள்வதே காரணம் என்று பேத்தி விளக்கினாள். இரண்டாம் நாள் செய்து முடித்தவற்றைக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் திறந்து வைத்தேன். ஐப்பசி மாத ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் வியர்த்து, காய்ந்தபின் வெண்மை பூத்தது. அது கெட்டுப்போனதன் அடையாளமன்று; பார்வைக்கு மட்டுமே குறை. குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டுமெனில் மூடிய டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்தபின், டப்பாவின் குளிர்ச்சி நீங்கும்வரை திறவாதீர்கள்.

மூன்றாவது தவறு நம் போன்றோர் வீடுகளில் எளிதில் நிகழக்கூடியது. குழந்தைகளின் கைக்கு எட்டாமலிருக்கட்டுமென்று டப்பாவைப் பூஜை அலமாரியில் வைத்தேன். மறுநாள் சாக்லேட் முழுவதும் கற்பூரம் மணத்தது! கொழுப்புப் பொருள் பக்கத்திலுள்ள வாசனையை விரைந்து ஈர்த்துக்கொள்ளும் என்பதை அன்று அறிந்தேன். கற்பூரம், ஊதுவத்தி, பெருங்காயம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, இறுக மூடி வையுங்கள்.

தீபாவளியன்று விளக்கின்முன் சிறிது வைத்து வணங்கிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவை என் மனைவி தன் பெயர் பொறித்து வாங்கிய எவர்சில்வர் தட்டுகள். ஓர் ஆண்டுக்கு மேலாக அலமாரியை விட்டு இறங்காதவை.

முதலில் எதிர்வீட்டிற்குச் சென்றேன். அங்குள்ள அம்மாளுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. தட்டை வாங்கியவர் அதில் இருந்ததைப் பார்க்கவில்லை. விளிம்பில் பொறித்திருந்த பெயரை விரலால் ஒருமுறை தடவினார். "இந்தத் தட்டு இனி எங்கள் வீட்டுப்படி ஏறாது என்றே நினைத்திருந்தேன், தம்பி" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை. பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "பாதாமைக் கடிக்க எனக்குப் பல் ஏது?" என்றார்.

அன்று மாலையே அவருக்கென்று வேறொன்று செய்தோம். வெறும் வாணலியில் சூடாக்கி ஆறவைத்த அரிசிப் பொரியை, உருகிய சாக்லேட்டில் கலந்து கரண்டியால் சிறுசிறு குவியல்களாக வைத்தோம். வாயிலிட்டதும் நொறுங்கிக் கரைந்துவிடும். பல் இல்லாதவர்க்கும் பிள்ளைகளுக்கும் அது உகந்தது. கொடுக்கும் முன் சிறு காகிதத்தில் என்னென்ன சேர்ந்துள்ளது என்று எழுதி வையுங்கள். நிலக்கடலை, முந்திரி போன்றவை ஒவ்வாதவர் இருக்கலாம். சர்க்கரை நோயுள்ள நம் வயதினர்க்குப் பேரீச்சையும் இனிப்புதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கடன் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு அம்மாள் எங்கள் தட்டை அன்று திருப்பித் தரவில்லை. இரு நாட்கள் கழித்து அதில் நான்கு அதிரசங்களை வைத்து அனுப்பினார். மற்ற வீடுகளிலிருந்தும் அவ்வாறே வந்தன. மாலையில் கணக்குப் பார்த்தால் மீண்டும் நானே கடன்காரன். வங்கியில் கணக்கை நேர் செய்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். தெருவில் ஒரு வீட்டிற்கும் மறு வீட்டிற்கும் உள்ள கணக்கு அவ்வாறு நேராகிவிடக் கூடாது என்பதற்காகவே, தட்டை வெறுமையாகத் திருப்பாதே என்று பெரியோர் விதித்தனர் போலும்.

கை நடுங்குகிறது, நிற்க முடியவில்லை, அவள் இல்லை, அவர் இல்லை என்று தட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இயன்றதைச் செய்து எதிர்வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். அடுத்த வாரம் சந்திப்போம்.