எலி நீந்தினால் நம் மனச்சோர்வு தீருமா?

அன்பு மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சில நாட்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. சீன மூலிகைப் பொடி ஒன்று மூளையில் செரோடோனினைச் சரிசெய்து மனச்சோர்வை வேரோடு அறுத்துவிடுமாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமாம். அனுப்பியவர்கள் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அந்தக் கடைசி வரி ஒரு உயிரையே பறிக்கக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பொடியின் பெயர் சியாவோ யாவ் சான். சோங் அரசர்கள் காலத்து மருந்து நூலில் உள்ள பழைய மருந்து. சாய்ஹூ வேர், டாங் குய் வேர், வெள்ளைப் பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, புதினா என எட்டுப் பொருள்கள் சேர்ந்தது. அந்த நூலில் செரோடோனின் என்ற பேச்சே கிடையாது. கல்லீரலில் 'சி' என்னும் உயிராற்றல் தேங்கிவிட்டது, அதை ஓடவிட வேண்டும் என்பதுதான் சீன வைத்தியர்களின் கணக்கு. அது அவர்களுடைய மொழி. அதன்மேல் செரோடோனின் என்று லேபிள் ஒட்டியது விற்பவர்கள்.

ஆய்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பெரும்பாலும் எலிகளிடம். தண்ணீர் நிரப்பிய குடுவையில் எலியைப் போடுவார்கள். அது எவ்வளவு நேரம் நீந்துகிறது, எப்போது அசையாமல் மிதக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். மருந்து கொடுத்த எலி அதிக நேரம் நீந்தினால் 'மனச்சோர்வு குறைந்தது'! மருந்தைத் தேடும் முதல் படியாக இது சரி. ஆனால் பிள்ளை படிப்பையும் விட்டு, சோற்றையும் வெறுத்து, "நான் இருந்து என்ன பயன்" என்று சொல்வதும் எலி மிதப்பதும் ஒன்றா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 'செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு' என்ற கதையும் அரைகுறைதான். மாத்திரை சில மணி நேரத்திலேயே செரோடோனினைக் கூட்டிவிடும். மனம் தேறவோ வாரங்கள் ஆகும். வெறும் பற்றாக்குறைதான் காரணம் என்றால் அன்று மாலையே தேற வேண்டாமா? அதற்காக மாத்திரை வீண் என்று ஆகிவிடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்கிறது என்பதால் உடம்பில் பாராசிட்டமால் குறைந்திருந்தது என்றா பொருள்?

"மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" இந்த வாக்கியம்தான் எனக்கு ஆகவே ஆகாது. நம் சர்ப்பகந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அதிலிருந்து பிரித்த ரெசர்பின்னை ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தபோது சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். மனச்சோர்வை மூளை வேதியியலோடு இணைத்துப் பார்க்க அதுவும் ஒரு காரணம். அதிமதுரம் அளவு மீறினால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். 1990களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது. ஒரு வேருக்குப் பதில் வேறொரு வேர் கலந்துவிட்டது.

பாரம்பரியத்தை மதிப்பதென்றால் சீனாவின் தூ யூயூவைப் போல மதியுங்கள். பழைய சுவடியில் படித்த மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்து, சோதித்து, நிரூபித்துக் காட்டினார். 2015இல் நோபல் பரிசு வந்தது. அவர் ஃபார்வர்டு செய்துவிட்டுப் போகவில்லை!

கடைசியாக மூன்று விஷயம். மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்; தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரும், நோயும் திரும்பலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லி, படிப்படியாக. எந்த மூலிகை சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் பொடியைத் தேடாதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் உட்காருங்கள், 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

அந்தச் செய்தியை அனுப்பிய குழுவிலேயே இதையும் அனுப்புங்கள். கோபித்துக்கொள்பவர்கள் என்னோடு கோபித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்